வாசகர் கேள்வி-பதில்: புதிய போர் விமானத்தில் முதலில் ஏறுபவர்

போர் விமானங்களின் சோதனை விமானிகளைப் பற்றிச் சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் விமானங்கள் அடிக்கடி தலைக்கு மேல் பறக்கின்றன. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன், தான் சோதனை விமானி ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போர் விமானிக்கும் சோதனை விமானிக்கும் என்ன வேறுபாடு? அச்சமே இல்லாதவர்களைத்தான் இதற்குத் தேர்ந்தெடுப்பார்களா?
*வாசகி, சூலூர், கோவை மாவட்டம்*

உங்கள் ஊரிலிருந்து பறப்பவர்கள் விமானப்படையின் படைப்பிரிவு விமானிகள். அவர்களிடம் தேஜஸ் விமானத்துக்கான கையேடு ஒன்று இருக்கும். எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் வரை போகலாம், இறக்கையின்கீழ் குண்டுகள் தொங்கும்போது எவ்வளவு கடுமையாகத் திரும்பலாம், எந்த வேகத்துக்குக் கீழே இறங்கினால் விமானம் தாங்காது என்பவையெல்லாம் அதில் எண்களாக அச்சிடப்பட்டிருக்கும். படைப்பிரிவு விமானி அந்த எண்களை நம்பிப் பறக்கிறார். அந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் பொறியாளரின் கணக்கில் மட்டுமே இருந்தவை. அவை உண்மைதானா என்று விமானத்தை அங்கே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் சோதனை விமானி.

கொண்டுபோய்ப் பார்ப்பது என்றால் ஒரே பாய்ச்சலில் எல்லைக்குப் போவதாக எண்ணிவிடக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வேகம் கூடும்போது இறக்கையும் வாலும் காற்றின் விசையால் அதிரத் தொடங்கலாம். ஃப்ளட்டர் எனப்படும் அந்த அதிர்வு அடங்காமல் வளர்ந்தால் சில நொடிகளில் இறக்கையே பிய்ந்து போகும். அது எந்த வேகத்தில் தொடங்கும் என்று கண்டறியும் சோதனையில், விமானி முதலில் பாதுகாப்பானது என்று தெரிந்த ஒரு வேகத்தில் விமானத்தை நிலைநிறுத்தி, கட்டுப்பாட்டுக் கோலை ஒருமுறை சுண்டிவிடுவார், அல்லது அதற்கென்றே பொருத்தப்பட்ட கருவியால் இறக்கையை அதிரச் செய்வார். விமானமெங்கும் ஒட்டப்பட்ட உணரிகள் அந்த அதிர்வை அளந்து டெலிமெட்ரி வழியாகத் தரைக்கு அனுப்ப, அங்கே திரைகளின்முன் அமர்ந்திருக்கும் பொறியாளர்கள் அது எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். உடனே அடங்கினால் அடுத்த படிக்கு அனுமதி உண்டு. அடங்குவதற்கு முன்பைவிட நேரம் பிடித்தால், அந்தப் பறத்தல் அத்துடன் முடிந்தது. அருகிலேயே வேறொரு விமானம் பறந்தபடி வெளிப்புறத்தைக் கண்காணித்துக்கொண்டிருக்கும். இப்படி ஒரு விமானத்தின் முழு வேக எல்லையைத் திறந்து முடிக்க ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே, இன்றைக்கு இந்த வேகம் வரை என்று சோதனை அட்டையில் எழுதியிருந்தால், விமானம் எவ்வளவு இலகுவாகப் பறந்தாலும் அதற்குமேல் ஒரு படிகூடப் போகாதவரே நல்ல சோதனை விமானி. அச்சமில்லாதவரை இந்த வேலைக்கு யாரும் தேடுவதில்லை. அஞ்ச வேண்டியது எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, அது நேரும் நொடியிலும் கருவிகளைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியவரைத்தான் தேடுகிறார்கள்.

இறங்கிய பிறகு அவர் எழுதும் அறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மதிப்பீட்டில் இந்தத் தொழிலின் உண்மையான விளைபொருள் அதுதான். "விமானம் நன்றாகப் பறக்கிறது" என்பது பொறியாளருக்கு எந்தப் பயனும் தராத வாக்கியம். அமெரிக்காவில் ஜார்ஜ் கூப்பர் என்ற சோதனை விமானியும் ராபர்ட் ஹார்ப்பர் என்ற பொறியாளரும் சேர்ந்து 1969இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அதில் 1 முதல் 10 வரை மதிப்பெண்கள் உண்டு. பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, எண் குறையக் குறைய விமானம் சிறந்தது. 1 முதல் 3 வரை என்றால் திருத்தம் தேவையில்லை; 4 முதல் 6 வரை என்றால் குறைகளைக் களைந்தால் நல்லது; 7 முதல் 9 வரை என்றால் களைந்தே ஆகவேண்டும்; 10 என்றால் விமானம் கைமீறிப் போகிறது. இந்த எண்ணைக் கொடுக்கும்போது விமானி விமானத்தை மட்டும் மதிப்பிடுவதில்லை, குறிப்பிட்ட ஒரு வேலையை அதைக்கொண்டு செய்து முடிக்கத் தாம் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். தன் திறமையால் விமானத்தின் குறையை மூடி மறைத்துவிட்டு 2 என்று எழுதுபவர், பின்னால் அதை ஓட்டப்போகும் இளம் விமானிகளுக்குத் தீங்கு செய்கிறார்.

கேள்வி: இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானத்தைப் பறந்து பார்த்தவர் யார்? பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். பாடநூல்களில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?
*வாசகர், ஓசூர்*

அவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். பெங்களூரின் பழைய விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் இருக்கும் சுரஞ்சன் தாஸ் சாலை அவர் நினைவாகப் பெயரிடப்பட்டதுதான். ஓசூரிலிருந்து அவ்வழியே போகும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும் என்ற உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வங்காளத்தைச் சேர்ந்த தாஸ் 1920இல் பிறந்தவர். அவருடைய தந்தை சுதி ரஞ்சன் தாஸ், 1956 முதல் 1959 வரை இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர். மகன் விமானப்படையில் சேர்ந்து, பிரிட்டனின் எம்பயர் சோதனை விமானிகள் பள்ளியில் பயின்று வந்தார். போர்க்காலத்தில் புதிய விமானங்களைச் சோதித்த விமானிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருந்ததால், முறையான பயிற்சி இன்றியமையாதது என்று உணர்ந்து 1943இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. சோதனை விமானிகளுக்கென்று உலகில் முதன்முதலாக ஏற்பட்ட பள்ளியும் அதுவே.

அந்தக் காலத்தில் பெங்களூரில் ஒரு பெரிய முயற்சி தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கவுல்ஃப் 190 என்ற ஜெர்மானியப் போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்குப் பின் அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1956இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்றுப் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தார். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய விமானம் வேண்டும் என்று விமானப்படை கேட்டிருந்தது. அதுவரை பயிற்சி விமானங்களை மட்டுமே சொந்தமாக வடிவமைத்திருந்த ஒரு நிறுவனத்திடம் வைக்கப்பட்ட கோரிக்கை அது. அந்த விமானம்தான் எச்.எஃப்-24 மாருத்.

நேரடியாக ஜெட்டைக் கட்டிவிடாமல், அதே அளவில், அதே உருவத்தில் மரத்தாலான எஞ்சினில்லாத ஒரு விமானத்தை முதலில் செய்தார்கள். 1959இல் டகோட்டா விமானம் ஒன்று அதைக் கயிறு கட்டி வானுக்கு இழுத்துச் சென்று விட, அது மிதந்தபடி கீழே வந்தது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை குறைந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இந்த மிதவைப் பறத்தல்களிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். பெரிய காற்றுச் சுரங்கங்களும் கணினிகளும் கைக்கு எட்டாத நாட்டில், கையிலிருந்ததைக்கொண்டு அறிவார்ந்த முறையில் செய்யப்பட்ட சோதனை என்று இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

1961 ஜூன் 17ஆம் நாள், அப்போது விங் கமாண்டராக இருந்த தாஸ், மாருத்தின் முதல் மாதிரியைப் பெங்களூரில் வானில் ஏற்றினார். ஒரு வாரம் கழித்து, பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் முன்னிலையில் அதை மீண்டும் பறந்து காட்டினார். 1964 செப்டம்பர் 4ஆம் நாள் கிரண் என்னும் ஜெட் பயிற்சி விமானத்தின் முதல் பறத்தலையும் அவரே மேற்கொண்டார். பல தலைமுறை இந்திய விமானிகள் ஜெட் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தக் கிரணில்தான்.

மாருத்தின் உடல் அருமையாக அமைந்தது, எஞ்சின்தான் அமையவில்லை. டாங்க் தம் வடிவமைப்பில் எண்ணியிருந்த வலுமிக்க ஆர்ஃபியஸ் எஞ்சினின் உருவாக்கம் பிரிட்டனில் கைவிடப்பட்டது. கிடைத்த ஆர்ஃபியஸ் 703 ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ உந்துவிசை மட்டுமே தந்தது. முதலில் எண்ணிய எஞ்சின், ஆஃப்டர்பர்னரை (வெளியேறும் சூடான வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பை)க் கொளுத்தும்போது இதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலாகத் தந்திருக்கும். ஒலியின் இருமடங்கு வேகத்துக்காக வரையப்பட்ட விமானம், ஒலி வேகத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. மாற்று எஞ்சினுக்காகப் பல கதவுகளைத் தட்டினார்கள். எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த எஞ்சினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத் அங்கேயே அனுப்பப்பட்டது. அதே எகிப்தில் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ-300 என்ற போர் விமானத்தை 1964 மார்ச் 7ஆம் நாள் முதன்முதலாகப் பறக்கவைத்தவரும் கபில் பார்கவா என்ற இந்தியச் சோதனை விமானியே. இரு நாடுகளின் அந்தக் கூட்டு முயற்சி 1969இல் எகிப்தியத் திட்டம் மூடப்பட்டதோடு முடிந்தது.

மிஞ்சிய வழி, இருக்கும் ஆர்ஃபியஸ் எஞ்சினிலேயே ஆஃப்டர்பர்னரைச் சேர்ப்பதுதான். அப்படிச் சேர்த்தபோது விமானத்தின் பின்பகுதியைப் பருமனாக்க வேண்டியிருந்தது. அதனால் காற்றின் இழுவை கூடி, கிடைத்த உந்துவிசையின் பெரும்பகுதியை அது விழுங்கிவிட்டது. அந்த மாற்றியமைக்கப்பட்ட வகையைச் சோதிக்க 1970 ஜனவரி 10ஆம் நாள் பெங்களூரில் தாஸ் புறப்பட்டார். தரையிலிருந்து எழும்பிய உடனே விமானம் விழுந்து நொறுங்க, ஐம்பது வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவர் இறந்தார். அவருடைய தந்தை அப்போது உயிருடன் இருந்தார். அந்த ஆண்டு தாஸுக்கு மறைவுக்குப் பிந்தைய பத்ம பூஷண் வழங்கப்பட்டது.

மொத்தம் 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 1971 போரின்போது ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாப் பகுதியிலும் சிந்துவின் பாலைவனத்திலும் அவை தரைத் தாக்குதல் நடத்தின. அடிபட்டு ஒரு எஞ்சின் செயலிழந்த நிலையிலும் மாருத் விமானிகளைத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வேகத்தில் தோற்ற விமானம் என்று அதை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள், தாழ்ந்த உயரத்தில் அது எவ்வளவு உறுதியாகப் பறந்தது என்று ஓட்டியவர்கள் சொல்லியிருப்பதையும் கேட்க வேண்டும். அந்த உறுதி, தாஸும் அவருடைய தோழர்களும் ஒவ்வொரு பறத்தலாகக் குறைகளைச் சொல்லித் திருத்தவைத்ததன் பலன்.

கேள்வி: ஒலியின் வேகத்தை முதன்முதலில் கடந்த அமெரிக்க விமானி, விலா எலும்பு முறிந்த நிலையில் அதைச் செய்தார் என்று படித்தேன். நம்பலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

நம்பலாம். சக் யேகர் 1947 அக்டோபரில், அந்தப் பறத்தலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவில் குதிரையிலிருந்து விழுந்து இரண்டு விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். படை மருத்துவரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள் என்பதால் வெளியூர் மருத்துவர் ஒருவரிடம் கட்டுப்போட்டுக்கொண்டார். அவர் ஓட்டவிருந்த எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தின் கதவை உள்ளிருந்து பூட்ட வலக்கையை உயர்த்தி அழுத்த வேண்டும். வலியால் அது முடியாது என்பதால், நண்பரும் பொறியாளருமான ஜாக் ரிட்லி ஒரு துடைப்பக் கட்டையை வெட்டிக் கொடுத்தார். அதை நெம்புகோலாகக்கொண்டு யேகர் கதவைப் பூட்டினார். பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட எக்ஸ்-1, அக்டோபர் 14ஆம் நாள் ஏறத்தாழ 13,000 மீட்டர் உயரத்தில் ஒலியைப்போல் 1.06 மடங்கு வேகத்தை எட்டியது.

இந்தத் துடைப்பக் கட்டைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த இன்னொன்றுதான் விமானவியலை மாற்றியது. எக்ஸ்-1 ஒலி வேகத்தின் 0.94 பங்கை எட்டியபோது, யேகர் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தும் விமானத்தின் மூக்கு மேலே எழவில்லை. வாலின் கிடைமட்டப் பகுதியில் உருவான அதிர்ச்சி அலை, அதன் பின்விளிம்பில் இருந்த அசையும் மடலைச் செயலற்றதாக்கியிருந்தது. யேகர் திரும்பி வந்து அதைத் தெளிவாகச் சொன்னார். மடலை விட்டுவிட்டு, வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதையுமே மிகச் சிறிய கோணங்களில் அசைத்துப் பறக்கலாம் என்று ரிட்லி கணக்கிட்டார். விமானத்தில் அதற்கான வசதி ஏற்கெனவே இருந்தது. அடுத்த பறத்தல்களில் அது வேலை செய்தது. முழுவதும் அசையும் வால் அதன்பின் எஃப்-86 சேபரின் பிற்கால வகைகளிலும், பிறகு பெரும்பாலான அதிவேகப் போர் விமானங்களிலும் இடம்பெற்றது. ரிட்லி 1957இல் ஜப்பானில் ஒரு விமான விபத்தில் இறந்தார். அவர் பெயர் யேகரின் பெயருக்கு அருகிலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

யேகர் கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1941இல் விமானப் பழுதுபார்ப்பவராகப் படையில் சேர்ந்து, போரில் வீழ்த்தப்பட்டு, பிரான்சில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய குழுவினரின் உதவியோடு ஸ்பெயினுக்குத் தப்பியவர். விமானத்தின் உடலியல்பை உணரும் ஆற்றல் அவருக்கு இயல்பாகவே இருந்தது. 1953 டிசம்பர் 12ஆம் நாள் எக்ஸ்-1ஏ விமானத்தில் ஒலியைப்போல் 2.44 மடங்கு வேகத்தை எட்டியவுடன் அது கட்டுக்கடங்காமல் மூன்று அச்சுகளிலும் புரண்டு, ஒரு நிமிடத்துக்குள் 15 கிலோமீட்டருக்கு மேல் விழுந்தது. அதை அவர் மீட்டுத் தரையிறக்கினார். மூன்றாண்டுகள் கழித்து, 1956 செப்டம்பர் 27ஆம் நாள், மில்பர்ன் ஆப்ட் என்ற விமானி எக்ஸ்-2 விமானத்தில் ஒலியின் மும்மடங்கு வேகத்தைக் கடந்த முதல் மனிதராகி, அந்த வேகம் தணியுமுன் திரும்ப முயன்றபோது அதேபோன்ற புரளலில் சிக்கி இறந்தார். ராக்கெட் விமானத்தில் அவருக்கு அதுதான் முதல் பறத்தல். ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதன் விலை என்ன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கேள்வி: தேஜஸ் விமானம் 1995இல் வெளியே கொண்டுவந்து காட்டப்பட்டது, பறந்ததோ 2001இல். ஐந்து ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இது அலட்சியமா?
*பொறியியல் மாணவர், திருச்சி*

தாமதத்துக்கு நிர்வாகக் காரணங்களும் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி, தேஜஸைப் பறக்கவைக்கும் மென்பொருளின்மீது விமானிக்கு நம்பிக்கை வரும்வரை காத்திருந்த காலம்.

தேஜஸ் இயல்பிலேயே நிலையற்ற விமானமாக வடிவமைக்கப்பட்டது. விரைந்து திரும்புவதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆகவே விமானியின் கைக்கும் இறக்கை மடல்களுக்கும் நடுவில் ஃப்ளை-பை-வயர் எனப்படும் கணினி அமைப்பு இருந்து, ஒவ்வொரு நொடியும் பலமுறை திருத்திக்கொண்டே இருக்கிறது. அது இல்லையென்றால் எந்த மனிதராலும் இதை ஓட்ட முடியாது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், கணினியின் மறுமொழி விமானியின் கையசைவுக்குச் சற்றே பிந்தினாலோ மிகையானாலோ, அவர் திருத்தும் ஒவ்வொரு முறையும் பிழை பெரிதாகிறது. புதிதாக சைக்கிள் கற்பவர் ஒரு பக்கம் சாயும்போது கைப்பிடியை மறுபக்கம் அதிகமாக ஒடித்து, பிறகு அதைச் சரிசெய்ய இன்னும் அதிகமாக ஒடிப்பதைப் போன்றது இது. வேகம் மட்டும் மணிக்கு 250 கிலோமீட்டர்.

இது கற்பனை அச்சமன்று. 1974 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தில் எஃப்-16இன் முதல் மாதிரியை ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்ப்பதற்காக மட்டுமே ஃபில் ஆஸ்ட்ரிக்கர் ஏறினார். விமானம் தானாகவே எழும்பி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வால் ஓடுபாதையில் உரசியது. பாதையைவிட்டும் விலகத் தொடங்கியது. தரையில் நிறுத்த முயன்றால் விமானம் நொறுங்கும் என்று உணர்ந்த அவர், எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து வானில் ஏறி, ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். திட்டத்தில் இல்லாத அந்தப் பறத்தல்தான் எஃப்-16இன் முதல் பறத்தல். ஸ்வீடனில் கிரிப்பென் விமானத்தின் முதல் மாதிரி 1989 பிப்ரவரி 2ஆம் நாள் இதேபோன்ற ஆட்டத்தால் தரையிறங்கும்போது புரண்டது. விமானி லார்ஸ் ராடெஸ்ட்ரோம் உயிர்பிழைத்தார். 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகர விழாவில் கூட்டத்துக்கு மேலே பறந்து காட்டியபோது அதே விமானிக்கு அதே சிக்கல் மீண்டும் நேர்ந்து, அவர் இருக்கையோடு வெளியேற வேண்டியதாயிற்று.

விமானத் தொழிலில் நீண்ட அனுபவம் உள்ள நாடுகளுக்கே இப்படி நேர்ந்ததைப் பெங்களூரில் இருந்தவர்கள் கூர்ந்து கவனித்தார்கள். கட்டுப்பாட்டு விதிகளைத் தரையிலுள்ள சிமுலேட்டரில் சோதித்தார்கள்; தேஜஸைப் போலவே நடந்துகொள்ளும்படி மாற்றக்கூடிய எஃப்-16 விமானம் ஒன்றை அமெரிக்காவில் இந்திய விமானிகளே பறந்து பார்த்தார்கள். 1998 மே மாதத்தில் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியாளர்கள் திரும்பி வர நேர்ந்தது. எஞ்சிய சோதனைகள் அனைத்தையும் பெங்களூரிலேயே செய்து முடித்தார்கள். 2001 ஜனவரி 4ஆம் நாள் விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் தேஜஸை 18 நிமிடங்கள் பறக்கவிட்டு இறக்கினார். 2003 ஆகஸ்ட் 1ஆம் நாள் அது ஒலியின் வேகத்தைக் கடந்தது. 2020 ஜனவரி 11ஆம் நாள் அதன் கடற்படை வகையை கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் விக்ரமாதித்யா என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறக்கினார்.

முதல் மாதிரி முதல் பறத்தலிலேயே விழுந்திருந்தால் அந்தத் திட்டம் மறுபடி எழுந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. ஆகவே அந்த ஐந்து ஆண்டுகளை அலட்சியம் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: இவ்வளவு எச்சரிக்கையோடு செய்தும் ஏன் உயிர்கள் போகின்றன? பாராசூட் இருக்கிறதல்லவா?
*வாசகி, புதுச்சேரி*

எட்வர்ட்ஸ் தளமே 1948இல் ஒரு சோதனைப் பறத்தலில் இறந்த கிளென் எட்வர்ட்ஸின் பெயரைத் தாங்கியது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இறப்புகள் மிகவும் குறைந்துள்ளன. இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் அமைப்பை பெர்னார்ட் லிஞ்ச் என்பவர் 1946 ஜூலை 24ஆம் நாள் மீட்டியோர் விமானத்திலிருந்து தாமே வெளியேறிச் சோதித்துக் காட்டினார். அதுவும் ஒரு சோதனைப் பணிதான். அன்றிலிருந்து ஆயிரக்கணக்கான விமானிகளை அந்த இருக்கை காப்பாற்றியிருக்கிறது. சுழன்று விழும் நிலையைச் சோதிக்கும்போது, எந்த உயரத்துக்குள் விமானம் மீளவில்லையென்றால் வெளியேற வேண்டும் என்பதைத் தரையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வானில் அதை விவாதிக்க நேரம் இருக்காது.

ஆனால் தரையை ஒட்டிய உயரங்களில் நொடிகள்கூட மிஞ்சுவதில்லை. 2019 பிப்ரவரி 1ஆம் நாள் பெங்களூரில், மேம்படுத்தப்பட்ட மிராஜ் 2000 விமானம் ஒன்றைப் படையில் ஏற்பதற்கு முந்தைய பறத்தலின்போது, ஸ்குவாட்ரன் லீடர்கள் சமீர் அப்ரோலும் சித்தார்த்த நேகியும் உயிரிழந்தார்கள். 2009 மார்ச் 6ஆம் நாள் சரஸ் என்ற பயணிகள் விமானத்தின் மாதிரி, ஒரு எஞ்சினை வானில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனையின்போது பெங்களூரை அடுத்த பிடதி அருகே விழுந்து மூவர் இறந்தார்கள். விமானிகள் இருவரோடு சென்ற மூன்றாமவர், சோதனைப் பொறியாளர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. சரஸ் ஜெட் விமானமன்று, போர் விமானமும் அன்று. ஆனாலும் அதில் ஏறியவர்கள் விமானப்படையினர். விமானிகளைப் போலவே சோதனைப் பொறியாளர்களும் அதே ஆபத்தைச் சுமக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாததால் அவரை இங்கே பெயர் சொல்லி நினைக்கிறேன்.

கேள்வி: சோதனை விமானி ஆக என்ன படிக்க வேண்டும்? பெண்களுக்கு வாய்ப்பு உண்டா? தமிழ்நாட்டவர் யாராவது இருக்கிறார்களா?
*பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்*

நேரடியாகச் சோதனை விமானி ஆக வழி கிடையாது. முதலில் படை விமானி ஆக வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்துத் தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வு எழுதலாம். 2022 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பட்டப்படிப்புக்குப் பிறகு விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு வழியாகவும் சேரலாம். பல ஆண்டுகள் படைப்பிரிவில் பறந்து, நல்ல பெயரெடுத்த பிறகு, பெங்களூரிலுள்ள விமானப்படையின் சோதனை விமானிகள் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். 1957இல் கான்பூரில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி, 1970களில் பெங்களூருக்கு வந்த சோதனை நிறுவனத்தின் ஓர் அங்கம் அது. பயிற்சி ஏறத்தாழ ஓராண்டு. பலவகை விமானங்களை ஓட்டிப் பார்ப்பதோடு, காற்றியக்கவியலும் கணிதமும் கற்று, ஒவ்வொரு பறத்தலுக்கும் அறிக்கை எழுதி, அந்த அறிக்கையை ஆசிரியர்கள்முன் வாதிட்டு நிறுவ வேண்டும். கணிதம் பிடிக்காது என்பவருக்கு இந்த வழி சரிப்படாது.

அந்தப் பள்ளியில் பயின்று, 2021இல் இந்திய விமானப்படையின் முதல் பெண் பறத்தல் சோதனைப் பொறியாளர் ஆனவர், கர்நாடகத்தின் கொள்ளேகாலைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஆஷ்ரிதா ஒலேட்டி. உங்களுக்கு விமானம் ஓட்டுவதைவிடப் பொறியியலில் ஆர்வம் கூடுதல் என்றால் அந்த வழியையும் எண்ணிப் பாருங்கள். ககன்யான் விண்வெளித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் தும்பாவில் அறிவிக்கப்பட்ட நால்வருமே சோதனை விமானிகள். அவர்களுள் குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனிலுள்ள படை அதிகாரிகள் கல்லூரியிலும் பயின்றவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பினார்.

தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், பயிற்சி தொடங்கும்போது பதினாறரை வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவிப்பை மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் பாருங்கள்.